காசல்ரீயில் நங்கூரம் பாய்ச்சப் பழகுகிறவர்களுக்கு

படகு ஓட்டக் கற்றுக்கொடுக்க அரை நாள் போதும். படகை ஓரிடத்தில் நிறுத்தி, அது அங்கேயே நிற்கும் என்று நம்பித் தூண்டில் போடவோ சோற்றுப் பொதியை அவிழ்க்கவோ பழகுவதற்குத்தான் நாளாகிறது. நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா பக்கங்களில் சிறு படகு வாங்கியவர்களுக்கும், விடுதிகளில் படகோட்டியாகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் முறையாகக் கற்றவர் திருகோணமலைக்கோ கற்பிட்டிக்கோ போனாலும் கை தடுமாறாது. ஆனால் கடலோரத்தில் விதிகள் வேறு. அவற்றைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

முதலில், தண்ணீர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள்

மலையகத்தில் நாம் பார்க்கும் பெரிய நீர்ப்பரப்புகளில் பெரும்பாலானவை மனிதர் கட்டியவை. காசல்ரீ 1965இலும் மவுசாகலை 1969இலும் மின் உற்பத்திக்கென்றே கட்டி முடிக்கப்பட்டன. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவை மகாவலித் திட்டத்தில் 1980களில் வந்தவை. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873ஆம் ஆண்டுக்குரியது. நகருக்குள் இருக்கும் அதன் படகுச் சவாரி மாநகர சபையின் கையில் இருக்கிறது. ஆகவே மலையகம் முழுவதற்கும் பொதுவான ஒரே அனுமதிச் சீட்டு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். காசல்ரீ, மவுசாகலை என்றால் அணைக்கட்டைப் பராமரிக்கும் மின்சாரப் பொறியியலாளர் அலுவலகம். மகாவலி நீர்த்தேக்கங்கள் என்றால் மகாவலி அதிகார சபை. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை மூன்றையும் சூழ்ந்த பகுதி சரணாலயமாக இருப்பதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்ல உரிமை உண்டு. மீன் பிடிக்கவும் போகிறீர்கள் என்றால் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

நேரில் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பகுதி தடை செய்யப்பட்டது? எந்த நேரத்துக்குள் கரை திரும்ப வேண்டும்? இயந்திரப் படகுக்கு இடம் உண்டா, துடுப்புப் படகுக்கு மட்டுமா? பதிலை எழுத்தில் வாங்கி, நனையாத உறையில் போட்டுப் படகில் வைத்திருங்கள். பக்கத்து விடுதிக்கு அனுமதி இருக்கிறது என்பது உங்களுக்கும் இருக்கிறது என்று ஆகாது. இதைப் பலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அணைக்கட்டு என்பது நாட்டின் மின்சாரத்துக்கும் அதன் கீழே வாழும் மக்களின் உயிருக்கும் பொறுப்பான கட்டுமானம். அதன் காவலர்கள் கடுமையாக நடந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது.

எங்கே நிறுத்தவே கூடாது

அணைச்சுவரின் அருகிலும் வான்கதவுகளின் மேற்புறத்திலும் நங்கூரம் பாய்ச்சக் கூடாது. மிதவைகளைக் கோத்த எல்லைக் கயிறு கட்டியிருந்தால் அதை ஒரு சுவராகவே நினையுங்கள். கயிறு இல்லாத இடத்தில் அலுவலகம் சொன்ன எல்லையே எல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, சுரங்கம் தண்ணீரை உள்வாங்கும் வாய். காசல்ரீயின் தண்ணீர் சுரங்கம் வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. மவுசாகலையின் தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்குப் போகிறது. இயந்திரங்கள் ஓடத் தொடங்கும்போது நீர்ப்பரப்பில் ஒரு சுழியும் தெரியாமல் இருக்கலாம், கீழே இழுப்பு இருக்கும். நங்கூரம் அந்தப் பக்கம் நகர்ந்து கம்பித் தடுப்பில் மாட்டினால் அதை மீட்க வழியில்லை.

நோட்டன் பிரிட்ஜ், கெனியன், தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகக் கட்டிய தேக்கம் ஆகியவை சிறியவை. அங்கே நீர்மட்டம் சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கும். நாட்டின் மின் தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, அதற்கேற்பத் தண்ணீர் எடுப்பார்கள். மேலே மலையில் கனத்த மழை பெய்தால் வான்கதவுகளைத் திறப்பார்கள். புதியவர்கள் இந்தச் சிறு தேக்கங்களில் படகே இறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இவற்றோடு, மீனவர் வலை மிதவைகள் தெரியும் இடம், அக்கரைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகளின் வழி, மக்கள் குளிக்கும் துறை ஆகியவற்றையும் விட்டு விலகி நில்லுங்கள். காசல்ரீயில் நீரில் இறங்கும் விமானங்களும் வந்து போயிருக்கின்றன. அந்த ஓடுபாதைக்கு ஒதுக்கிய நீர்ப்பரப்பு எதுவென்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

நாலைந்து மீற்றர் நீளமான படகுக்குப் பெரிய சாமான்கள் தேவையில்லை. சேற்றிலும் மணலிலும், மண்ணில் புதையும் தட்டையான இரண்டு அலகு கொண்ட மடக்கு நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். கல்லும் அடிக்கட்டையும் உள்ள இடத்தில் நான்கு கொழுக்கி நங்கூரம் நல்லது. கல்லைக் கட்டி இறக்குவது அமைதியான நேரத்தில் தூண்டில்காரருக்குப் போதும். காற்று எழுந்தால் கல் உருண்டுகொண்டே வரும்.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே இரண்டு மூன்று மீற்றர் சங்கிலி அவசியம். சங்கிலியின் கனம் நங்கூரத் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது. படுத்திருந்தால்தான் அலகு மண்ணைக் கிழித்து இறங்கும். கயிறு நைலோனாக இருக்கட்டும். அது நீரில் அமிழும், இழுத்தால் சற்று நீண்டு கொடுக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அது நீர்மேல் பரந்து கிடந்து இயந்திர விசிறியில் சுற்றிக்கொள்ளும். கயிற்றில் ஐந்து மீற்றருக்கு ஒரு முறை வர்ண நூல் சுற்றி வையுங்கள். மேலதிகமாக ஒரு சிறு மிதவை, பத்துப் பதினைந்து மீற்றர் மெல்லிய கயிறு, கூரான கத்தி, ஊதுகுழல், வெள்ளை விளக்கு. உயிர்காப்பு அங்கி படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். மலை நீர் குளிர்ந்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதில் நெடுநேரம் கிடந்தால் களைத்துப்போவார்.

அடியில் கிடப்பது என்ன

காசல்ரீக்கும் மவுசாகலைக்கும் அடியில் ஒரு காலத்துத் தேயிலை மலைகள் கிடக்கின்றன. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாகலையின் கீழ்தான் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் கட்டடச் சுவர்களும் வெளியே தெரிவதைப் பார்க்க மக்கள் கூடுவார்கள். படகு வைத்திருப்பவர் அந்த நாட்களை வீணாக்கக் கூடாது. கரையோரமாக நடந்து, எங்கே சுவர், எங்கே பாதை, எங்கே அடிக்கட்டை நிரம்பிய சரிவு, எங்கே வெறும் சேறு என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நீர் நிரம்பிய பிறகு அந்தத் தாள்தான் உங்கள் வரைபடம்.

தேயிலை அடிக்கட்டைகள்தான் இங்கே நங்கூரத்தின் முதல் எதிரி. நீருக்கடியில் கறுத்து இறுகிப்போன அந்தக் கட்டைகள் பிடிவாதமானவை. கிளைகள் பிரியும் கவட்டில் கொழுக்கி நுழைந்துவிட்டால் நேர் மேலே இழுத்து எடுக்க முடியாது. அதற்குத்தான் மெல்லிய கயிறு. அதன் ஒரு முனையை நங்கூரத்தின் தலைப்பக்கம், அலகுகள் சேரும் இடத்தில் கட்டுங்கள், மறுமுனையில் மிதவை. தண்டுப் பக்கமாக இழுத்து வராத நங்கூரம் தலைப்பக்கமாக இழுக்கும்போது பின்வாங்கிக் கழன்று வரும்.

எவ்வளவு கயிறு விட வேண்டும்

நங்கூரம் கனத்தால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. கயிறு சாய்வாகக் கிடந்து கிடையாக இழுக்கும்போதுதான் அலகு புதைகிறது. கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலையும் நங்கூரத்தை மேலே கிளப்பிவிடும். ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம், அதாவது முன்முனை, நிற்கும் உயரத்தையும் கூட்டுங்கள். அமைதியான நேரத்தில் அதன் ஐந்து மடங்கு, காற்றில் ஏழு மடங்கு, புயல் அறிகுறி இருந்தால் பத்து மடங்கு கயிறு விட வேண்டும். ஆறு மீற்றர் ஆழம், அரை மீற்றர் அணிய உயரம் என்றால் 6.5. ஐந்து மடங்கு 32.5 மீற்றர், ஏழு மடங்கு 45.5 மீற்றர். முழுவதும் சங்கிலியாக இருந்தால் மூன்று நான்கு மடங்கு போதும், ஆனால் சிறு படகில் யாரும் அவ்வளவு சங்கிலி சுமப்பதில்லை.

இத்தனை கயிறு விட்டால் காற்று திரும்பும் பக்கமெல்லாம் படகும் சுற்றும். 40 மீற்றர் கயிறு, 5 மீற்றர் படகு என்றால் ஏறத்தாழ 90 மீற்றர் குறுக்களவுள்ள வட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். காசல்ரீயின் ஒடுங்கிய கைகளுக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது. அங்கே கரையும் செங்குத்தாக இறங்குகிறது. சரிவின் கீழ்நோக்கி இழுபடும் நங்கூரம் நிற்காது. ஆகவே நங்கூரத்தை ஆழப் பக்கமாகப் போட்டு, அணியத்தை ஏரிப் பக்கம் திருப்பி, பின்புறத்திலிருந்து கரையிலுள்ள உறுதியான மரத்துக்கு இன்னொரு கயிறு கட்டுங்கள். இப்படிக் கட்டினால் கயிறு நங்கூரத்தைச் சரிவின் மேல்நோக்கி இழுக்கிறது, அது இன்னும் ஆழமாகப் புதைகிறது. தோட்டத்துக் காணி என்றால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். தேயிலைச் செடியில் ஒருபோதும் கட்ட வேண்டாம். படகை விட்டுப் போகிறீர்கள் என்றால் இரண்டு கயிற்றிலும் தளர்வு வேண்டும். மட்டம் இறங்கினால் படகு சரிவில் குந்திச் சாய்ந்துவிடும்.

நங்கூரம் இறக்கும் முறை

1. கயிற்றின் கடைசி முனையை முதலில் படகில் கட்டுங்கள். நங்கூரத்தோடு கயிறு முழுவதும் போய்விடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது.

2. காற்று வரும் திசையை நோக்கி அணியத்தைத் திருப்பி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே போய், படகை முற்றாக நிறுத்துங்கள்.

3. நங்கூரத்தை வீசக் கூடாது. அணியத்திலிருந்து கைமேல் கையாக இறக்குங்கள். சுருளுக்குள் கால் இருக்கிறதா என்று இறக்குவதற்கு முன் குனிந்து பாருங்கள்.

4. அடியைத் தொட்டதும் கயிறு தளரும். படகு காற்றில் பின்வாங்கப் பின்வாங்கக் கயிற்றை விட்டுக்கொண்டே போங்கள். பாதி விட்டதும் மெதுவாக இறுக்கிப் பாருங்கள். பிடித்தால் மீதியை விடுங்கள்.

5. கயிற்றை அணியத்தில்தான் கட்ட வேண்டும். பின்புறத்தில் மட்டும் நங்கூரமிட்டால் இயந்திரத்தின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பகுதி இன்னும் தாழ்ந்து, அலை உள்ளே ஏறிவிடும். சிறு படகுகள் மூழ்குவதற்கு இது ஒன்றே போதும்.

பிடித்திருக்கிறதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கை. இறுகிய கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுங்கள். பிடித்த நங்கூரத்தின் கயிறு அலைக்கேற்ப மெல்ல இறுகித் தளரும். இழுபடும் நங்கூரத்தின் கயிறு விட்டுவிட்டுத் துடிக்கும்; கல்மேல் தட்டித் தட்டி வருவது உள்ளங்கையில் தெளிவாகத் தெரியும். மற்றது கண். கரையில் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருட்களைத் தேர்ந்தெடுங்கள்: முன்னால் ஒரு தனிச் சவுக்கு மரம், பின்னால் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை மூலை. பக்கவாட்டிலும் இதேபோல ஒரு சோடி வேண்டும். மரம் கூரையை விட்டு விலகிக்கொண்டே போனால் நீங்கள் நகர்கிறீர்கள். முதல் அரை மணி நேரம் இதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை வேண்டாம். இழுபட்டால் இன்னும் கயிறு விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் தூக்கி மீண்டும் போடுங்கள்.

மூடுபனி, காற்று, இடி

மலையில் மூடுபனி கேட்டுக்கொண்டு வருவதில்லை. மேட்டுத் தோட்டத்து லயங்கள் முதலில் மறையும், பிறகு கரை மறையும். அப்போது இயந்திரத்தை இயக்கிக் கரையைத் தேடிப் போவதைவிட நங்கூரத்திலேயே நிற்பது நல்லது. கடல்வழி மோதல் தவிர்ப்பு விதிகள் 1972ஆம் ஆண்டு வகுக்கப்பட்டவை. அவை கடலுக்கும், கடலோடு இணைந்து கப்பல் போகக்கூடிய நீருக்கும் உரியவை. காசல்ரீயை அவை கட்டுப்படுத்தா. ஆனாலும் மூடுபனியில் நிற்கும் 12 மீற்றருக்குக் குறைந்த படகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது தெளிவான ஓசை எழுப்ப வேண்டும் என்ற விதியை இங்கேயும் பின்பற்றுங்கள். ஊதுகுழல் இதற்குத்தான். வெள்ளை விளக்கையும் ஏற்றி வையுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியாப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். நீரேந்து பகுதியில் பெய்த மழை மிதக்கும் மரக்கட்டைகளோடு நீர்த்தேக்கத்துக்கு வந்து சேரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல். திறந்த நீரில் உயர்ந்து நிற்பது உங்கள் தலைதான். முதல் இடி கேட்ட உடனே நங்கூரத்தைத் தூக்குங்கள். சிக்கியிருந்தால் மிதவையைக் கட்டிக் கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

தூக்குவது

படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டு வந்து, கயிறு செங்குத்தானதும் இழுங்கள். வராவிட்டால் கயிற்றை அணியத்தில் இறுக்கிக் கட்டி, போட்ட திசைக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக நகர்ந்து பாருங்கள், அல்லது மிதவைக் கயிற்றை இழுங்கள். பின்புறத்தில் கட்டி இயந்திர வலுவால் பிடுங்க முயல வேண்டாம். வந்த சேற்றை அங்கேயே கழுவுங்கள். எண்ணெயையும் பொலித்தீனையும் தண்ணீரில் விட வேண்டாம். காசல்ரீயின் கெஹெல்கமு ஓயாவும் மவுசாகலையின் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீர் அம்பத்தளையில் அதிலிருந்து எடுக்கப்படுகிறது.

கடலோரத்துக்குப் போகும்போது

மேலே சொன்ன 1972 விதிகள் கடலில் உங்களுக்குச் சட்டம். நங்கூரமிட்ட படகு பகலில் முன்பகுதியில் ஒரு கருப்புப் பந்தும் இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும். சிறு படகின் விளக்கு 2 கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும். 7 மீற்றருக்குக் குறைந்த படகுக்கு விலக்கு உண்டு; ஆனால் ஒடுங்கிய கால்வாயிலோ, கப்பல் வழியிலோ, மற்றக் கலங்கள் நங்கூரமிடும் இடத்திலோ, வழக்கமாகப் போய்வரும் இடத்திலோ, அவற்றுக்கு அருகிலோ நின்றால் அந்த விலக்கு இல்லை. ஆகவே சின்னப் படகுதானே என்று விளக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒடுங்கிய கால்வாயில், சூழ்நிலை இடம்கொடுக்கும் வரையில், நங்கூரமிடுவதையே தவிர்க்க வேண்டும் என்று 9ஆம் விதி சொல்கிறது. நீர்கொழும்புக் களப்பின் வாய் போன்ற இடங்களில் இதை மறக்கக் கூடாது; தொழிலுக்குப் போகும் வள்ளங்கள் இருட்டோடு இருட்டாக அந்த வழியால்தான் கடலுக்கு இறங்குகின்றன.

கொழும்பு, காலி, திருகோணமலைத் துறைமுக எல்லைக்குள் துறைமுக அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் நிற்க முடியாது. திருகோணமலையில் கடற்படைக்குரிய நீர்ப்பகுதிகளும் இருப்பதால், படகு இறக்குமுன் எல்லைகளை வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். தேசிய அடையாள அட்டையும் படகின் பதிவுப் பத்திரமும் கையில் இருக்கட்டும். கடல் வரைபடத்தில் கடலடிக் கேபிள் போகும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே நங்கூரம் கூடாது. அடி மணலா சேறா என்பதையும் அதே வரைபடம் எழுத்துக் குறியால் காட்டும்: 'எஸ்' மணல், 'எம்' சேறு, 'ஆர்' பாறை.

முருகைக்கல்மேல் ஒருபோதும் நங்கூரம் இறக்காதீர்கள். புறாத்தீவும் ஹிக்கடுவையும் தேசியப் பூங்காக்கள். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற்பார் சரணாலயம். ஒரு சங்கிலி அரை மணி நேரம் புரண்டால் பல பத்தாண்டுகளாக வளர்ந்தது பொடியாகிவிடும். நிறுத்துமிட மிதவை இருந்தால் அதில் கட்டுங்கள். இல்லாவிட்டால் வெளிறிய மணல் திட்டைத் தேடி, சங்கிலி சுற்றும் வட்டம் முழுவதும் மணலாக இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். கரைவலை இழுக்கும் கரையோர இடங்களான பாடுகளுக்கு முன்னாலும் நிற்க வேண்டாம். வலை வளைத்திருப்பது புதியவர் கண்ணுக்குத் தெரியாது. கரையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டால் எந்த நேரம் எங்கே நிற்கலாம் என்று சொல்லிவிடுவார்.

நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே கயிற்றுக் கணக்கு மலையைவிட எளிது. காற்றுத்தான் கணக்கைக் குழப்பும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் அது தலைகீழ். முதல் முறை போகிறவர்கள் திருகோணமலைக்குச் சித்திரைக்குப் பிறகும், கற்பிட்டிக்கும் நீர்கொழும்புக்கும் டிசெம்பர் முதல் மார்ச் வரையும் போவது நல்லது.